முப்பத்தெட்டு எழுத்து அகலம்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் பருத்திப்பால் என் தலையில்தான் விடிந்தது. போன வாரத்திலிருந்து இது மூன்றாவது தடவை. எங்கள் ஆபீசில் ராஜ்மோகன் சார் கொண்டுவந்த வழக்கம் இது. யார் மெஷினில் சோதனை சிவப்பாகிறதோ அவர் சாயங்காலம் கீழே தள்ளுவண்டியில் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும். சோதனை என்பது நாங்கள் எழுதும் புரோகிராமைச் சரிபார்க்க நாங்களே எழுதி வைத்திருக்கும் இன்னொரு புரோகிராம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பச்சை, எங்காவது பிசகினால் சிவப்பு. சொந்த மெஷினில் முழுப் பச்சை பார்த்த பிறகுதான் யாரும் தான் எழுதியதை மேலே அனுப்பலாம்.

பதினேழு வருஷமாக இந்தத் தொழிலில் குப்பை கொட்டுகிறேன். எனக்குப் போய்ப் பதினொரு சிவப்பு! அதே புரோகிராம் மற்ற எல்லார் மெஷினிலும் பச்சையாக ஓடுகிறது. என் மெஷினுக்கு மட்டும் ஏழரை பிடித்திருக்கிறது.

"வல்லிக்கா புண்ணியத்துல நமக்கு தினம் பருத்திப்பால்" என்று பையன்கள் கேலி பண்ணிக்கொண்டே குடித்தார்கள். நான் குடிக்கவில்லை. அதில் கருப்பட்டி போடுவார்கள், சுகர்காரிக்கு எதற்கு.

பால்பாயின்ட் பேனாக்களில் இப்போதெல்லாம் மை சரியாக வருவதில்லை. கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கி இதை எழுதுகிறேன். எடுப்பாகத் தெரிகிறது. பக்கத்துக்கு ஆறே வரிதான் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

மருந்து மொத்த வியாபாரிகளின் கிடங்குகளுக்கு நாங்கள் செய்து தரும் புரோகிராமில் படம், பொத்தான் என்று எந்த அலங்காரமும் கிடையாது. கறுப்புத் திரையில் மருந்தின் பெயரை அடித்தால் அட்டவணை வரும்: பெயர், மில்லிகிராம், எத்தனை பெட்டி, காலாவதித் தேதி. அதைப் பார்த்துத்தான் கிடங்கு ஆட்கள் பெட்டி எடுத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். அட்டவணையைப் புதிதாக மாற்றி அமைத்திருக்கிறோம். புதுப் பதிப்பு 27ஆம் தேதி போகிறது, பொறுப்பு என்னுடையது.

இன்று அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெட்ஃபார்மின் 50 என்று தெரிந்தது. மெட்ஃபார்மின் நான் இரண்டு வேளையும் விழுங்குகிற மாத்திரை. அது 500. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் 50தான். ஏசிக் காற்று நேராகக் கண்ணில் அடிக்கிறது. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை, மூடிவிட்டேன்.

மானிட்டரும் லட்சணமாக இல்லை. அட்டவணையின் கோடுகள் நடுவில் தொய்ந்து தெரிகின்றன, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி. மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

ஸ்கூட்டர் எடுக்கவில்லை. வெயில். பஸ்ஸில் போனேன், அதுவும் காளவாசல் பஸ் என்று நினைத்து ஏறியது திருமங்கலம் பஸ். போர்டை எல்லாம் என்னத்தில் எழுதுகிறார்களோ.

ஜூன் 12, வியாழன்

தமீமைப் பற்றி இதுவரை இதில் ஒரு நல்ல வார்த்தை எழுதியதில்லை. எட்டு மாதமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. காலையில் வந்தால் வணக்கம் கிடையாது, காதில் ஹெட்ஃபோன், வாயில் நேந்திரங்காய் சிப்ஸ். உம்மணாமூஞ்சி என்றுதான் வீட்டில் இவரிடம் சொல்லுவேன். இன்று அந்த உம்மணாமூஞ்சி தானாக எழுந்து வந்தான்.

"அக்கா, உங்க சிஸ்டத்துல ஒரு நிமிஷம் ஒக்காரவா?"

உட்கார்ந்து சோதனையை ஓட்டினான். பதினொரு சிவப்பு. திரையில் எழுத்தைச் சின்னதாக்கி மறுபடி ஓட்டினான். முழுப் பச்சை. திரும்பப் பெரிதாக்கினான். சிவப்பு.

"மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. நீங்க எழுத்தைப் பெருசா வச்சிருக்கீங்க. அதனால ஒரு வரில கொஞ்ச எழுத்துதான் பிடிக்குது."

விஷயம் இவ்வளவுதான். எங்கள் புரோகிராம் 'இந்தத் திரையில் வரிக்கு எத்தனை எழுத்து பிடிக்கும்?' என்று முதலில் கேட்டுக்கொள்ளும். இடம் குறைவாக இருந்தால் நீளமான வாக்கியத்தை இரண்டு வரியாக மடிக்கும். வாக்கியம் சரிதான், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. ஆனால் சோதனைக்குள் நாங்கள் எழுதி வைத்திருக்கும் 'சரியான விடை' எல்லாம் எங்கள் பெரிய மானிட்டரில் வரிக்கு நூற்றிருபது எழுத்து இருந்தபோது எடுத்தது. ஒரே வரியில் வர வேண்டியது இரண்டு வரியில் வந்தால் அது தப்பு என்று சொல்லிவிடுகிறது. ஆபீஸ் சர்வருக்குத் திரையே கிடையாது. அது எப்படிப் பச்சையாக ஓடுகிறது என்று தேடினால், எந்தக் காலத்திலோ எவனோ அதில் 'அகலம் 120' என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

கண்டுபிடித்ததுகூடப் பெரிதில்லை. எழுந்து போகும்போது எழுத்தின் அளவை என்னுடைய பழைய அளவுக்கே திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

"எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வச்சுட்டேங்க்கா."

"பெருசா வச்சா கழுத்து வலிக்காது, அதான்" என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

ஜூன் 13, வெள்ளி

மீட்டிங். தமீம் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டு ராஜ்மோகன் சார் கைதட்டிச் சிரித்தார்.

"இம்புட்டுத்தானா? திங்கக்கிழமைலருந்து எல்லாரும் ஒரே அளவு. எழுத்து பதினொண்ணு, விண்டோ முழுசு. வல்லி, நீங்க எழுத்தைக் குறைச்சுக்கங்க, சோலி முடிஞ்சுச்சு."

எல்லாரும் தலையாட்டினார்கள். "சரிங்க சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

இடத்துக்கு வந்து பதினொன்று வைத்துப் பார்த்தேன். திரை முழுக்க எறும்பு ஊர்ந்தது. மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்தும் ஒரு வரி பிடிபடவில்லை. திரும்பப் பெரிதாக்கிவிட்டேன்.

எனக்குப் பெரிய எழுத்துதான் பழக்கம். பழக்கத்தை ஒரே நாளில் மாற்று என்றால் எப்படி? வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். இதை வேடிக்கையாகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

துவரம்பருப்பில் கல். இவர் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏன், நீ புடைக்கவே இல்லையா?" புடைத்தேன். கல் இருந்தது தெரியவில்லை என்று சொல்லவில்லை, கடைக்காரனைத் திட்டினேன்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டார். "கண்ணு டெஸ்ட்டுக்குப் போகணும்னு டாக்டர் எழுதிக் குடுத்து வருஷம் ஒண்ணாச்சே வல்லி, போனியா?"

"ரிலீஸ் முடியட்டும்ங்க."

"போன ரிலீஸுக்கும் இதைத்தான் சொன்ன."

மனுஷருக்கு இது மட்டும் ஞாபகம் இருக்கும்.

அப்பாவுக்கும் சுகர்தான். கடைசி நாலு வருஷம் தட்டில் ரசம் எங்கே, பொரியல் எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவர். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். எதற்கு இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று முதல் புது விதி. எழுத்தைக் குறைக்காமலேயே உட்கார்ந்திருந்தேன். ராஜ்மோகன் சார் ஒவ்வொரு மேஜையாக வந்து பார்ப்பதாக ஏற்பாடு. என் மேஜைக்கு இரண்டு மேஜை முன்னால் தமீம் எழுந்து வழியை மறித்துக்கொண்டு நின்றான். எட்டு மாதத்தில் அவன் ஆபீசில் பேசியதை எல்லாம் கூட்டினாலும் இன்று பேசிய அளவு வராது.

"சார், இந்த விதி வேணாம் சார்."

"ஏன்யா?"

"காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் இருக்குல்ல சார். பெரிய ரூம்ல வச்சா நூறு, சின்ன ரூம்ல வச்சா நூத்திமூணுன்னு காட்டுச்சுன்னா என்ன செய்வீங்க? ஊர்ல இருக்க ரூமெல்லாம் ஒரே சைஸா கட்டுங்கன்னா சொல்லுவீங்க? தெர்மாமீட்டரைத்தான சார் மாத்தணும்?"

நான் சிரித்துவிட்டேன். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சாருக்கு முகம் சுருங்கியது.

"இருவத்தேழு ரிலீஸ வச்சுக்கிட்டு இது வெட்டி வேலைய்யா. ஒரு ஆளு எழுத்தைக் குறைச்சா தீந்துச்சு."

"ஒரு ஆளுக்காக இல்ல சார். விண்டோ அளவைப் பாத்து பதில் மாறுதுன்னா அந்தச் சோதனையை நம்பி எதையும் அனுப்ப முடியாது. மூணு நாள் குடுங்க. ஆகலைன்னா இந்த மாசம் பூரா பருத்திப்பால் என் கணக்கு."

"எழுதிக்கங்கப்பா எல்லாரும்" என்றார் சார். சிரித்தபடிதான் போனார். என் மேஜைக்கு வரவில்லை.

வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன். எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். நான் "சரிங்க சார்" என்று சொன்ன இடத்தில் அவன் "வேணாம் சார்" என்றான்.

ஜூன் 18, புதன்

தமீம் எழுதியதைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. குறை கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி, ஆபீசே சொல்லும். மூன்று மணி நேரம் துருவிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் அவன் வைத்த பெயர் நீளமாக இருந்தது, அவ்வளவுதான்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? சோதனை தொடங்குகிற இடத்தில் 'அகலம் 120' என்று ஒரே வரி போட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சிவப்பு மறைந்திருக்கும். அவன் அப்படிச் செய்யவில்லை. சிவப்பான பதினொரு சோதனையையும் தனித்தனியாக எடுத்து, 'இதற்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்?' என்று பார்த்திருக்கிறான். ஏழு சோதனைக்கு வாக்கியம் சரியா என்பது மட்டும்தான் முக்கியம். அவை இப்போது வரி மடிப்பைக் கண்டுகொள்வதே இல்லை, வார்த்தைகளை மட்டும் ஒப்பிடுகின்றன. மீதி நாலுக்கு அட்டவணையின் அமைப்பு முக்கியம். அவற்றில் எத்தனை எழுத்து அகலம் என்று சோதனையே சொல்லிவிடுகிறது, திரையைக் கேட்பதில்லை. சர்வரில் எவனோ போட்டு வைத்த அந்த வரியையும் பிடுங்கி எறிந்துவிட்டான்.

படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. எதையும் மூடி மறைக்காத புரோகிராம். பொறாமையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஜூன் 19, வியாழன்

என் மெஷினில், என் எழுத்து அளவில், முழுப் பச்சை. பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்து தமீமிடம் "பரவால்லையேடா" என்றேன். ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கட்டை விரலைக் காட்டினான். கொழுப்பைப் பார்.

அவன் மானிட்டரில் ஏதோ அட்டவணை ஓடிக்கொண்டிருந்தது. "ஒன்னுதுலயும் கோடு வளையுதே, ரெண்டு மானிட்டரையும் ஒரே லாட்டுல வாங்குனாய்ங்களோ?" என்றேன். இப்போது ஹெட்ஃபோனைக் கழற்றினான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இருக்கும்கா" என்றான்.

ஜூன் 20, வெள்ளி

இன்று நடந்ததை முழுசாக எழுதிவிட வேண்டும்.

காலையில் தமீம் இன்னும் மூன்று சோதனை சேர்த்திருந்தான். ஒரே அட்டவணையை வரிக்கு நூற்றிருபது, எண்பது, முப்பத்தெட்டு எழுத்து என்று மூன்று அகலத்தில் போட்டுப் பார்க்கும். பத்தரை மணிக்கு ஒரு மேஜையிலிருந்து "அய்யய்யே, சிவப்பு!" என்று சத்தம். அடுத்த மேஜை. அடுத்தது. கடைசியாக ராஜ்மோகன் சார் அறையிலிருந்து, "ஏய்யா, எனக்கே சிவப்புய்யா!" இப்போது விண்டோ அளவு எப்படி இருந்தாலும் பதில் ஒன்றுதானே. எல்லாருக்கும் ஒரே இடத்தில் ஒரே சிவப்பு. தன் மெஷினிலும் சிவப்பு என்று தெரிந்தே, எல்லாரும் பார்க்கட்டும் என்று தமீம் அனுப்பியிருக்கிறான்.

"இன்னைக்குப் பருத்திப்பால் யாரு?" என்று ஒருவன் கேட்க, ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டேதான் என் மெஷினில் என்னவென்று பார்த்தேன்.

முப்பத்தெட்டு எழுத்து அகலத்தில் வர வேண்டியது: மெட்ஃபார்மின் 500. வந்தது: மெட்ஃபார்மின் 50.

இடம் போதவில்லை என்று எங்கள் புது அட்டவணை கடைசிச் சுழியைச் சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறது. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை, வெட்டின அடையாளமே இல்லை. கிடங்குகளில் பாதித் திரையில் பில் போடுகிறார்கள், மீதிப் பாதியில்தான் எங்கள் புரோகிராம். இருபத்தேழாம் தேதி இது போயிருந்தால் அவர்கள் எல்லாருக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும். மெட்ஃபார்மினில் ஐம்பது கிடையாது, யாராவது சுதாரித்துக்கொள்வார்கள். ஐம்பதும் ஐந்நூறும் இரண்டுமே உள்ள மருந்துகள் இருக்கின்றனவே.

பத்தாம் தேதியே நான் இதைப் பார்த்தேன். இந்த ஆபீசில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கண்ணைக் கசக்கிவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு மாற்றத்தோடும் தமீம் ஏன் செய்தேன் என்று ஒரு குறிப்பு எழுதுவான். இன்றைக்குள்ளதைத் திறந்து படித்தேன். முப்பத்தெட்டுக்கு நேராக இப்படி எழுதியிருந்தான்: இந்த அகலத்தில் ஒருவர் தினமும் வேலை செய்கிறார்.

என் திரை எத்தனை எழுத்து என்று கேட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

மாடிப்படியில் அவனைப் பிடித்தேன்.

"அந்த ஒருத்தர் நாந்தானடா?"

"ஆமாக்கா. அன்னைக்கு ஒங்க சிஸ்டத்துல ஒக்காந்தப்பவே பாத்தேன்." கொஞ்சம் தயங்கினான். "அக்கா, அந்த அம்பது ஒங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே. நீங்க சொல்லாம விட மாட்டீங்களேன்னுதான் எனக்குப் புரியல."

"தெரிஞ்சுது தமீம். என் கண்ணுதான் தப்பாப் பாக்குதுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன். அப்பா போனதிலிருந்து யாரிடமும் சொல்லாததை ஆபீஸ் மாடிப்படியில் சிப்ஸ் பாக்கெட்டோடு நின்ற பையனிடம் சொல்லிவிட்டேன். எழுத்து மங்குவதை, பஸ் போர்டு தெரியாததை, டாக்டர் சீட்டை ஒரு வருஷமாக அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பதை. பயமாக இருக்கிறது, தெரிந்தால் என்னை வேலையிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவன் சிப்ஸ் பாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"அந்த அம்பதை ஒங்க கண்ணு சரியாத்தாங்க்கா பாத்துச்சு" என்றான். அப்புறம், "ஆனா மானிட்டர்ல கோடு வளையல. ரெண்டுமே நேராத்தான் இருக்கு. நாளைக்கே போயிருங்க."

ராஜ்மோகன் சாரிடம் நானே போய்ச் சொன்னேன், பத்தாம் தேதி பார்த்ததை, ஏன் சொல்லவில்லை என்பதை. கத்துவார் என்று நினைத்தேன். "எழுத்தைக் குறைங்கன்னு நான்தான வல்லி சொன்னேன்" என்றார். பிறகு வழக்கமான குரலில், "அந்த மூணு சோதனையும் பச்சையாகாம எதுவும் வெளிய போகக்கூடாது. பொறுப்பு நீங்கதான், மாத்தமில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவை நகர்த்தி டாக்டர் சீட்டை எடுத்து இவர் கையில் கொடுத்தேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஆட்டோக்காரரிடம் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு வந்தார்.

ஜூன் 21, சனி

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பிறகு டாக்டரம்மா கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, "நடுப்புள்ளியப் பாருங்க. கோடு எங்கயாவது வளையுதா?" என்று கேட்டார்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே கொடிக்கயிறு. அச்சடித்த அட்டையில் எப்படி வளையும்? இந்தத் தடவை எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. எங்கெங்கே வளைகிறதோ அங்கெல்லாம் விரலை வைத்துக் காட்டினேன். இவர் பக்கத்தில் நின்று என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுகரால் கண்ணின் பின்பக்கம் வீக்கம். ஊசி போட வேண்டும், பல தடவை. "போனது எம்புட்டு திரும்பும்னு சொல்ல முடியாது. இருக்கறதக் காப்பாத்தலாம். இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா அதுவும் சொல்லியிருக்க முடியாது" என்றார்.

அப்பா அந்த ஒரு வருஷம் கழித்துத்தான் டாக்டரிடம் போனார்.

ஜூன் 26, வியாழன்

முதல் ஊசி நேற்றுப் போட்டார்கள். இன்று லீவு போடச் சொன்னார் இவர். ரிலீஸை வைத்துக்கொண்டு லீவாவது ஒன்றாவது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டார்.

சுழியை வெட்டுகிற பிழையைத் தமீமும் நானும் சேர்ந்து சரி செய்தோம். இப்போது இடம் போதாவிட்டால் பெயர் அடுத்த வரிக்கு மடியும், எண் ஒருபோதும் வெட்டுப்படாது. சாயங்காலம் சார் தன் கையாலேயே எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் தனி டம்ளர், கருப்பட்டி போடாதது. வாயில் வைக்க விளங்கவில்லை. முழுசும் குடித்தேன்.

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட கண்ணில் இன்னும் மறைப்பு இருக்கிறது. பழைய அளவில் எழுத்து பிடிபடவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் இன்னும் பெரிதாக்கினேன். வரிக்கு இருபத்தாறு எழுத்து. பக்கத்து நாற்காலியில் சிப்ஸ் நொறுங்கும் சத்தம் நின்றது.

ஓட்டினேன். முழுப் பச்சை.